ஜிம்முக்குக் கட்டிய காசு வீண் போகாமலிருக்க...

தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது. லேடீஸ் பேட்ச் என்று தனி நேரமும் ஒதுக்குகிறார்கள். சேருவது சுலபம், மூன்றாவது மாதமும் விடாமல் போவதுதான் பெரிய காரியம். கார்டியோ பயிற்சியை எவ்வளவு நேரம், எந்த அளவுக்குச் செய்தால் உடம்புக்கும் பர்ஸுக்கும் கட்டுப்படியாகும் என்று தோழிகள் கூடிப் பேசிச் சேர்த்த குறிப்புகள் இதோ.

1. "வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை" என்று ஆசை காட்டுவார்கள், மயங்க வேண்டாம். முதலில் ஒரு மாதம், ஒத்துவந்தால் மூன்று மாதம், அதற்கப்புறம் வருஷச் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். பிள்ளைகளின் பரீட்சை, ஊர்த் திருவிழா என்று போக முடியாத நாட்களுக்குச் சந்தாவை நிறுத்தி வைக்க முடியுமா என்று முன்பே கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

2. சேருவதற்கு முன் ஜிம்மைப் பார்க்கப் போவதென்றால், நீங்கள் தினமும் போகப்போகிற அதே நேரத்தில் போங்கள். மத்தியானம் காற்று வாங்கும் இடத்தில் காலை ஆறரைக்கு ட்ரெட்மில்லுக்கு வரிசை நிற்கும். எத்தனை மிஷின் இருக்கிறது என்பதைவிட எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

3. தினமும் ஒரு மணி நேரம் என்று சபதம் எடுக்காதீர்கள். வாரக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இரண்டையும் கலந்தும் செய்யலாம், கடுமையான ஒரு நிமிடத்துக்கு மிதமான இரண்டு நிமிடம் என்று வரவு வைத்துக்கொள்ளலாம். அரை மணி வீதம் ஐந்து நாளோ, 50 நிமிடம் வீதம் மூன்று நாளோ, வீட்டு வேலைக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பத்து நிமிடத்துக்குக் குறைவாக நடந்தால் கணக்கில் வராது என்ற பழைய நிபந்தனையும் அந்த 2020 வழிகாட்டுதலில் போய்விட்டது. பால் வாங்க வேகமாக நடப்பது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது எல்லாம் இனி வரவுதான். ஜிம் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்தால் ஸ்கூட்டியை வீட்டில் விட்டு நடந்தே போங்கள். பெட்ரோலும் மிச்சம், உடம்பைச் சூடேற்றும் பயிற்சியும் வழியிலேயே முடிந்துவிடும்.

5. மிதம், கடுமை என்றால் என்ன என்று குழம்ப வேண்டாம். பக்கத்து மிஷினில் இருப்பவரிடம் பேச முடிந்து, பாட்டுப் பாட மட்டும் மூச்சு இடம் கொடுக்காவிட்டால் அது மிதம். நாலு வார்த்தைக்கே நிறுத்தி மூச்சு வாங்கினால் கடுமை. பாட்டும் வருகிறதென்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

6. கைக்கடிகாரக் கருவி வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை, நாடி பார்க்கத் தெரிந்தால் போதும். 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்சம் தோராயமாகத் தெரியும். அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமான பயிற்சி. 45 வயதென்றால் உச்சம் 175, மிதம் 112 முதல் 133 வரை. பயிற்சியை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள், 28-க்கும் 33-க்கும் நடுவில் இருந்தால் சரியான அளவு. பி.பி. மாத்திரைகளில் ஒரு வகை துடிப்பை அதிகம் ஏறவிடாது. அதைச் சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிட்டு மேலே சொன்ன பேச்சுச் சோதனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் பத்து, பதினைந்து நிமிடத்தோடு இறங்கிவிடுங்கள், "இன்னும் முடியும்" என்று தோன்றினாலும்கூட. வாரத்துக்கு நாலைந்து நிமிடம் கூட்டினால் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் படுப்பவர்கள்தான் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள்.

8. ட்ரெட்மில்லில் இரண்டு பக்கக் கம்பிமேல் நின்றுகொண்டு பெல்ட்டை மெதுவாக ஓடவிட்டு, அப்புறம் காலை வையுங்கள். சிவப்புக் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள், தடுக்கினால் மிஷின் தானாக நின்றுவிடும். துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

9. கம்பியை இறுகப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நடந்தால் பாரத்தைக் கைதான் தாங்குகிறது, காலுக்கு வேலை குறைந்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்தாவது கையை வீசி நடங்கள். வெளியே ஓடுகிற சிரமம் வேண்டுமென்றால் சரிவை ஒரு சதவீதம் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

10. ட்ரெட்மில் அலுப்புத் தட்டுகிறதா? தட்டத்தான் செய்யும். 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளை வேலை வாங்கக் கண்டுபிடித்த மிதிசக்கரத்தின் பெயர்தான் இன்றைய மிஷினுக்கும் வந்திருக்கிறது! அலுப்புக்கு மருந்து, வேகத்தை மாற்றி மாற்றி நடப்பது. மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் சாதாரண நடை என்று ஐந்து சுற்று போனால் அரை மணி ஓடிவிடும். ஜப்பானில் நடுத்தர வயதுக்காரர்களையும் முதியவர்களையும் இப்படி நடக்க வைத்து ஆராய்ந்து, நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். கடிகாரம் பார்க்கச் சோம்பலாக இருந்தால் ஒரு குத்துப் பாட்டு, ஒரு மெலடி என்று போனில் மாற்றி மாற்றி அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குத் தகுந்த நடை.

11. சைக்கிள் மிஷினில் சீட் உயரத்தைச் சரிபார்க்காமல் உட்காராதீர்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டிக்குத்தான் வேதனை.

12. ஏற்கெனவே முட்டி வலி உள்ளவர்கள் ஓட்டம், குதிப்பு பக்கம் போகாமல் சைக்கிளிலோ எலிப்டிகலிலோ நிமிடங்களைச் சேர்க்கலாம்.

13. முடிந்தவுடன் சட்டென்று இறங்கி நின்றால் தலை சுற்றும். காலில் இறங்கிய ரத்தம் மேலே வர நேரம் வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து இறங்குங்கள்.

14. கார்டியோவே போதும் என்று எடை தூக்கும் பக்கத்தை எட்டிப் பார்க்காமல் வராதீர்கள். வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் அதே உலக சுகாதார நிறுவனக் கணக்கில் உள்ளதுதான். "ஆம்பிளை மாதிரி உடம்பு வந்துவிடும்" என்கிற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போக முடியாத நாளில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் ஒரு கிலோ எடை கையில் ரெடி.

15. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், எந்த வேளைக்குப் பயிற்சி ஏற்றது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால் கிளம்புமுன் பாருங்கள், 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், நடுக்கமும் வியர்வையும் வந்தால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

16. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பி.பி., இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சேருவது நல்லது. பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்குவதில்லை.

17. முக்கால் மணி நேரப் பயிற்சிக்குக் கலர் கலரான எனர்ஜி பானம் எதற்கு? தண்ணீரே போதும். வெயில் காலத்தில் வியர்வை கொட்டினால் வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.

18. புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. சாயங்காலம் சுண்டல், சாப்பாட்டில் பருப்பு, தயிர் என்று பார்த்துக்கொண்டால் நம்மைப் போன்ற சாதாரணப் பயிற்சிக்காரர்களுக்கு டப்பா தேவைப்படாது.

19. மிஷின் காட்டும் கலோரிக் கணக்கை நம்பி வழியில் பஜ்ஜிக் கடையில் நிற்காதீர்கள், அது பெரும்பாலும் கூட்டியே காட்டும். 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் கரைவது சுமார் 125 கலோரிதான். ஒரு மெதுவடையில் அது சரியாகப் போய்விடும்.

20. தடிமனான டர்க்கி டவல் ஈரம் காயாமல் நாறும். ஈரிழைத் துண்டு இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று காய, ஒன்று கையில், விலையும் குறைவு. வியர்வைத் துணிகளைப் பையிலேயே திணித்து வைக்காமல் வந்ததும் உதறிப் போடுங்கள். துவைக்கும்போது கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் விட்டால் வாடை போய்விடும்.

21. ஷூவுக்குள் இரவில் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும், வாடை இருந்தால் கொஞ்சம் சமையல் சோடா தூவித் தட்டிவிடுங்கள். நல்ல ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாரம் 20 கிலோமீட்டர் நடப்பவருக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம். மேலே பளபளப்பாக இருந்தாலும் அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டால் காய்கறி வாங்கப் போக அதை வைத்துக்கொண்டு, ஜிம்முக்கு வேறு வாங்கிவிடுங்கள்.

22. செயலி எதுவும் வேண்டாம், சமையலறை மாதக் காலண்டரில் அன்றன்றைய நிமிடத்தைக் குறித்து, ஞாயிறன்று பால் கணக்கு மாதிரி கூட்டிப் போடுங்கள். மாதம் ஒரு முறை காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்குமுன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி அதே தாளில் எழுதுங்கள். பயிற்சி பிடித்துவிட்டால் அந்த எண் மெல்ல மெல்லக் குறையும். எடை நகராமல் அடம் பிடிக்கிற மாதங்களில் அதுதான் நமக்குத் தெம்பு.

23. ஜிம் பூட்டியிருந்தால் பயிற்சிக்கும் லீவு விட வேண்டாம். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, உங்கள் ஊரில் எங்கே என்று விசாரியுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மாடிப்படியே போதும். லண்டன் இரட்டைத் தட்டு பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரி மோரிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1953-இலேயே எழுதிவிட்டார்கள்.

24. நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், கண் இருட்டல் என்று எது வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

25. கடைசியாக, ஜிம் நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லோருக்கும் ஒரே அட்டவணையை நகலெடுத்துக் கொடுக்காமல், சேரும் அன்றே வயது, சாப்பிடும் மாத்திரை, முட்டி, முதுகு நிலைமை, எந்த நாள் வர முடியும் என்று கேட்டு ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் வராதவர்களுக்கு ஒரு போன் போட்டு "ஏன் வரலை?" என்று விசாரியுங்கள். அந்த ஒரு போனுக்காகவே திரும்பி வருகிறவர்கள் எங்களில் உண்டு.