பின் அறைக்கும் வைஃபை எட்ட வேண்டுமா?



லயத்துக் காம்பராவை விட்டு 7 பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போன குடும்பங்கள் சில, வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறு கட்டடத்தையும் எழுப்பியிருக்கின்றன. ஒரு வீட்டில் அது குசினி. இன்னொரு வீட்டில் தையல் மெசின் போட்ட அறை. வேறொரு வீட்டிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு டி.வி. சத்தம் கேட்காத இடமாக அது இருக்கிறது. அப்படிக் கட்டியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரவுட்டர் முன் வீட்டுல இருக்கு. பின்னால போனா ஒரு கோடுகூட காட்ட மாட்டேங்குது. என்னா செய்யிறது?" இம்முறை பாடம் அதைப் பற்றியது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலையகத்துப் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பாறையிலும் மரத்திலும் ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. அன்றைக்குக் குறையாக இருந்தது டவர் சிக்னல். இன்று வீட்டுக்குள்ளேயே சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் படிக்கிற பிள்ளை இரவு எட்டு மணிக்குப் பனியில் இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கிறதென்றால், வாங்கிய பொருள் முழுப் பயனைத் தரவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவது ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து உங்கள் போனுக்கு வருவது மற்றப் பாதை. பின் அறைக்கு என்ன வாங்கி மாட்டினாலும் இரண்டாவது பாதைதான் நீளும். முதலாவது ஒரு அங்குலமும் மாறாது. ஆகவே கடைக்குப் போகுமுன் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு பாட வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சுற்றிச் சுற்றி நின்றால் குறை டவர்ப் பக்கத்தில். அதற்கு ரவுட்டரை டவர் இருக்கும் திசையில் உள்ள ஜன்னலுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நன்றாக ஓடி, பின் அறையில் மட்டும் நின்றால்தான் இந்தப் பாடம் உங்களுக்கு உதவும்.

இனித் தூரத்தைப் பார்ப்போம். 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதற்குள் வீடு, முற்றம், பின் அறை எல்லாம் அடங்க வேண்டும். அப்படியானால் ரவுட்டருக்கும் பின் அறைக்கும் இடையில் 40, 50 அடிக்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு. வெட்டவெளியில் இந்தத் தூரம் வைஃபைக்கு ஒன்றுமே இல்லை. வழியை மறிப்பது சுவரும் தகரமும்தான்.

பலகைச் சுவரில் அலை அதிகம் நஷ்டப்படாது. சீமெந்துக் கல் சுவரில் கணிசமாகக் குறையும். பழைய லயங்களின் கருங்கல் சுவர் அதைவிட மோசம். தகரம் வேறு மாதிரி. அது அலையைக் கண்ணாடியைப் போலத் திருப்பி அனுப்பிவிடும். நான்கு பக்கமும் தகரம் அடித்து மேலேயும் தகரம் போட்ட அறைக்குள் வைஃபை நுழைவதெல்லாம் கதவு, ஜன்னல், இடுக்கு வழியாகத்தான். பின் அறையின் ஜன்னல் வீட்டைப் பார்த்திருந்தால் அதிர்ஷ்டம். முதுகைக் காட்டி நின்றால் கஷ்டம். இனிமேல்தான் அறை கட்டப் போகிறவர்கள் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று இப்போதே யோசிக்கலாம். அதற்குச் செலவு இல்லை.

ரவுட்டர் இரண்டு வகை அலையில் பேசும். 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று அவற்றைச் சொல்வார்கள். ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோர்ந்துபோகும். இரண்டு புள்ளி நான்கு வேகத்தில் குறைந்தாலும் தூரம் போகும். பின் அறையில் இருக்கும் போனை 2.4-இல் இணைத்துப் பாருங்கள். சில வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அனலைசர் போன்ற செயலி ஒன்றை இறக்கினால் சிக்னலை எண்ணாகக் காட்டும். அந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். கழித்தல் 50 என்றால் மிக நல்லது. 65 வரை வகுப்புக் கேட்கத் தாராளமாகப் போதும். 70-ஐத் தாண்டினால் தடுமாறும். 80 என்றால் இல்லாத மாதிரிதான். இந்தக் கணக்கில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். 60-க்கும் 70-க்கும் இடையில் சிறு வித்தியாசம்தானே என்று நினைக்கக் கூடாது.

இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ரவுட்டரை வீட்டுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்தவர்களும், டி.வி.க்குப் பின்னால் மறைத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். பின் ஜன்னலுக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் வைத்தால் 80 என்று காட்டியது 68-க்கு வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு சங்கடம் என்னவென்றால், டவர் முன்பக்கம் இருந்தால் ரவுட்டர் முன் ஜன்னலை விட்டு நகர விரும்பாது. அப்போதுதான் இன்னொரு கருவி தேவைப்படுகிறது.

டவுனில் கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது எக்ஸ்டென்டர். பிளக்கில் சொருகும் சின்னப் பெட்டி. ரவுட்டரின் அலையை வாங்கி மறுபடி வீசும். இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பின் அறைக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிடுகிறார்கள். அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது எதை வீசும்? பீலியில் தண்ணீர் வராதபோது குடத்தை மாற்றிப் பயன் இல்லை. முன் வீட்டின் பின்சுவருக்குப் பக்கத்தில், சிக்னல் இன்னும் 60, 65 என்று காட்டும் இடத்தில், முடிந்தால் ஜன்னலை ஒட்டிச் சொருக வேண்டும். மலிவான எக்ஸ்டென்டர்கள் வாங்குவதற்கும் வீசுவதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. காணொளி வகுப்பு ஒன்றுக்கு 3 மெகாபிட் வேகம் போதுமானது. உங்கள் 4ஜி 12 கொடுத்தால் பாதி 6. ஒரு பிள்ளைக்கு அது தாராளம்.

ஆனாலும் என்னைக் கேட்டால், உறுதியான வழி வயர்தான். ரவுட்டரிலிருந்து பின் அறை வரை நெட்வேர்க் கேபிள் ஒன்றை இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபைக் கருவி ஒன்றை வைப்பது. இந்தக் கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் வேலை செய்யும். சுவர், தகரம், மழை எதுவும் அதற்குக் கணக்கில்லை. வெளியில் இழுப்பதற்கென்று கறுப்பு உறை போட்ட கேபிள் வருகிறது, அதையே கேளுங்கள். வீட்டுக்குள் போடும் சாதாரண கேபிள் வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பழுதாகும். பி.வி.சி. குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தால் மண்வெட்டியும் எலியும் தொடாது. கரண்ட் வயரோடு ஒரே குழாயில் மட்டும் போடவே கூடாது.

இரண்டாவது கருவியைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பழைய டெலிபோன் லைன் ரவுட்டரோ, மாற்றிப் போட்ட பழைய 4ஜி ரவுட்டரோ மூலையில் கிடந்தால் போதும். அதில் சிம் வேண்டாம், லைனும் வேண்டாம். செய்முறை இதுதான். பழையதை மட்டும் தனியாக இயக்கி அதன் வைஃபையில் போனை இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியைப் போனின் பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம். அங்கே முதலில் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முன் வீட்டு ரவுட்டருக்கு உள்ளதைப் போலவே வையுங்கள். அப்போது போன் ஓர் இடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போகும்போது தானாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்து டி.எச்.சி.பி. என்பதை நிறுத்த வேண்டும். போன்களுக்கு இலக்கம் கொடுக்கும் வேலை அது. ஒரு தோட்டத்தில் இரண்டு பேர் பேர் போட்டால் செக்ரோலில் என்ன குழப்பம் வருமோ அதே குழப்பம் இங்கேயும் வரும். கடைசியாக, முன் வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.8.1 என்று இருந்தால் பழையதன் முகவரியை 192.168.8.2 என்று மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி இருக்கக் கூடாது. பிறகு கேபிளின் இரு முனைகளையும் இரண்டு ரவுட்டர்களின் 'லான்' என்று எழுதிய துளைகளில் சொருகுங்கள். பழையதில் 'வான்' என்ற துளையும் இருக்கலாம். அதில் சொருகிவிட்டு "வேலை செய்யல" என்று தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அலைவரிசையையும் ஒருதடவை பாருங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத எண்கள் 1, 6, 11. முன் வீட்டில் 1 என்றால் பின் அறையில் 11 போடலாம். லயத்தில் வரிசையாகப் பல ரவுட்டர் இருக்கும் இடத்தில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்பதையும் அதே செயலி காட்டும். கூட்டம் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம், இடி மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மலையில் எப்படி இடிக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்தால், ஒன்றுக்குப் பக்கத்தில் விழும் மின்னல் அந்தக் கம்பி வழியாக மற்றதுக்கும் வர வழி உண்டு. மின்னல் நேரே கேபிளில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை. புதைத்த கேபிள் தொங்கும் கேபிளைவிடப் பரவாயில்லை, ஆனாலும் முழுப் பாதுகாப்பு அல்ல. வானம் இருண்டு இடி கேட்கத் தொடங்கும்போதே கரண்ட் பிளக்கைக் கழற்றுவதோடு, கேபிளையும் இரண்டு பக்கமும் கழற்றிவிட வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது போய்க் கழற்றாதீர்கள். பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளை ஹெட்போனை அந்த லைனில் இணைந்த கணினியில் மாட்டிக்கொண்டு இடி நேரத்தில் படிக்கவும் விடக் கூடாது. வசதி உள்ளவர்கள் செம்புக்குப் பதில் ஃபைபர் கேபிள் போடலாம். அது கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. இரண்டு முனையிலும் மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி தேவை. வெளியில் போடும் ஃபைபரிலும் உள்ளே இரும்புக் கம்பி இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பின் அறைக்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் கோர்ட் ஒன்றை இழுத்து, தகரக் கூரையில் படும்படி தொங்கவிட்டிருந்தால், வைஃபையைப் பிறகு பார்ப்போம். அந்த வயரின் உறை தகர விளிம்பில் உரசிக் கிழிந்தால் கூரை முழுக்க 230 வோல்ட். ஈரக் காலோடு கதவைத் தொடுகிறவர் யாராகவும் இருக்கலாம். தகுதியுள்ள எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு ட்ரிப் சுவிட்ச் வழியாக முறைப்படி லைன் எடுத்த பிறகே மற்றது. ரவுட்டருக்கு 12 வோல்ட் போதும் என்றாலும் அதன் அடப்டர் சொருகப்படுவது 230-இல்தான்.

கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட் கொண்டுபோகும் பிளக் ஜோடியும் கடைகளில் உண்டு. இரண்டு கட்டடமும் ஒரே மீட்டரில் இருந்து, வயரிங் நன்றாக இருந்தால் ஓடும். பழைய வயரிங் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வீட்டுப் பின் அறையைத் தாண்டி, தேயிலைக்கு அந்தப் பக்கம் 200 மீற்றர் தூரத்தில் உள்ள பிள்ளைக் காம்பராவுக்கோ டியூஷன் அறைக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால், அதற்கு வெளியில் மாட்டும் அன்டெனா ஜோடி இருக்கிறது. ஒன்றை இங்கே, மற்றதை அங்கே, முகத்துக்கு முகம் பார்க்கும்படி மாட்ட வேண்டும். கண்ணுக்கு நேரே தெரிவது அவசியம். மூடுபனியால் இதற்குப் பாதிப்பில்லை. ஆனால் நடுவில் மரம் நின்றால், மழையில் நனைந்த இலை அலையைக் குடித்துவிடும். கோடையில் ஓடி மழைக் காலத்தில் நிற்கிறதென்றால் முதலில் மரக் கிளையைப் பாருங்கள். இதையும் தகரக் கூரை உச்சியில் கம்பம் நட்டு மாட்டாமல், கூரை விளிம்புக்குக் கீழே சுவரில் மாட்டுவது நல்லது.

கடவுச்சொல் விஷயத்தில், வாங்கியபோது ஸ்டிக்கரில் இருந்ததை மாற்றி, 12 எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். பாதுகாப்பு வகையில் 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' என்று இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கக் கேட்டால் கொடுக்க மனசு வரும், கொடுக்கவும் வேண்டும். அதற்காகவே பல ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று தனிப் பெயர் போடும் வசதி இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அதை மட்டும் நிறுத்தலாம், உங்கள் கடவுச்சொல் உங்களிடமே இருக்கும்.

எல்லாம் மாட்டி முடிந்தபின் பகலில் மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள். பிள்ளை படிக்கும் நேரத்திலேயே, கதவைச் சாத்தி, மழை பெய்யும் ஓர் இரவில் அதே செயலியைத் திறந்து மேசைக்குப் பக்கத்தில் எண்ணைப் பாருங்கள். 70-க்குள் நின்றால் சரி.