மூலிகைத் தேநீரும் ஈரலைத் தாக்கும் நஞ்சும்

பூச்சிகளிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளச் செடிகள் பல நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் மூலிகைத் தேநீர் அருந்துவோர் சிறப்பாக அறிய வேண்டுவன பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் ஆகும். நம் நாட்டுக் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றிலும், மேனாடுகளில் களையாக வளரும் செனீசியோ இனத்திலும் இவை உள்ளன.

ஜமெய்க்காத் தீவில் காட்டுச் செடிகளின் இலையைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு அருந்திய பிள்ளைகள் சிலருக்கு ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்தது. ஈரலின் சிறு சிரைகள் அடைபடுவதே இந்நோய் என 1954இல் பிராஸ் முதலிய மருத்துவர்கள் விவரித்தனர். அத்தேநீரிற் சேர்ந்த கிலுகிலுப்பை இனச் செடியே காரணமாகக் கருதப்பட்டது.

இந்நஞ்சு உட்சென்றவுடன் தீங்கு செய்வதன்று. ஈரல் அதனை மாற்றும்போதே கொடிய பொருளாகிறது. அப்பொருள் அருகிலுள்ள நுண்குழல்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. சிறிது சிறிதாகப் பல நாள் உட்கொண்டாலும் கேடு விளையும். கொதிக்க வைத்தலால் இந்நஞ்சு அழிந்துவிடும் என எண்ணுதல் தவறு. வெந்நீர் அதனை இலையினின்றும் பிரித்துக் கிண்ணத்திற் சேர்க்கிறது.

நஞ்சுடைய செடியை வேண்டுமென்றே பறித்தால்தான் ஆபத்து என்பதில்லை. 1975-76இல், அன்று மத்தியப் பிரதேசத்திலும் இன்று சத்தீஸ்கரிலும் உள்ள சர்குஜா மாவட்டத்தில், இந்நோய் கண்ட 67 பேருள் 28 பேர் மாண்டனர். அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை இனக் களையின் விதை கலந்திருந்தது. தேநீருக்கான மூலிகைகளிலும் இத்தகைய கலப்பே நேர்கிறது. 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், கடைகளில் விற்ற மூலிகைத் தேநீர்களிலும் சாதாரணத் தேயிலையிலும் இந்நஞ்சைக் கண்டனர். புதினா, சீமைச்சாமந்தி ஆகியவை தாமே இதனை உண்டாக்குவதில்லை. அறுவடையில் உடன் சேர்ந்த களையே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், இவ்விரண்டின் உலர்ந்த இலை அல்லது பூ ஒரு கிலோகிராமுக்கு 400 மைக்ரோகிராம் என்பது உச்ச வரம்பாயிற்று.

ஆகவே, பாதுகாப்பு வயலிலேயே தொடங்குதல் வேண்டும். களப் பணியாளர் உழவர்க்குக் கூற வேண்டுவன:

1. மூலிகைப் பயிரிற் களைகளைப் பூப்பதற்கு முன்பே வேருடன் அகற்றுக. அறுவடைக்கு முன் வயலை மீண்டும் ஒருமுறை பார்வையிடுக.

2. பசுந்தாள் உரமாகும் சணப்பும் கிலுகிலுப்பை இனமே. பூக்கும் பருவத்தில் அதனை மடக்கி உழுக. விதை முற்ற விடற்க.

3. தானியத்தைப் புடைத்துச் சலித்து, அயல் விதைகளை நீக்குக.

ஆசிரியர்கள், முற்றிய காய் குலுங்கி ஒலிக்கும் கிலுகிலுப்பையை மாணவர்க்குச் செடியிலேயே காட்டலாம். வாயில் வைக்கலாகாது என எச்சரித்தலும் வேண்டும். இன்ன செடி என ஐயமின்றித் தெரியாத இலையைக் காய்ச்சிக் குடித்தல் ஆகாது. குழந்தைகளுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் இவ்விதி இன்னும் கண்டிப்பானது. இயற்கையில் விளைந்தது என்பது ஒன்றே தீங்கின்மைக்குச் சான்றாகாது. செடியை அறிந்திருத்தலும் கலப்பில்லாமற் பறித்தலுமே சான்றாகும்.