கற்ற முறையும் பிறர் வரைந்த உருவும்

தணிக்கைக்காக நெசவாளர் சங்கங்களுக்குச் செல்லுமிடங்களில் பங்குத் தொகை, கூலி நிலுவை, தள்ளுபடி மானியம் ஆகியவற்றைப் பற்றியே முன்பெல்லாம் நம்மிடம் கேள்விகள் எழும். இப்பொழுது அவற்றோடு வேறொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. “என் மகள் கைபேசியில் ஒரு பாடத்தைப் பார்த்துத் துணியில் வண்ணந்தீட்டக் கற்றாள். அவள் தீட்டிய சேலையைச் சங்கத்தின் மூலம் விற்கலாமா? கற்பித்தவர் ஆட்சேபிக்க மாட்டாரா?” என்று ஓர் அங்கத்தினர் வினவுகிறார். “நாங்கள் போட்ட புதுக் கரையை எவரோ படம்பிடித்துச் சென்று விசைத்தறியில் ஓட்டுகிறார்கள், கேட்பாரில்லையா?” என்று மற்றோர் அங்கத்தினர் மனம் நொந்து கேட்கிறார். ஒன்று எடுத்துக்கொண்டவர் கேள்வி; மற்றொன்று பறிகொடுத்தவர் கேள்வி. இரண்டிற்கும் விடை ஓரிடத்திலிருந்தே பிறப்பதால் இரண்டையும் சேர்த்தே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் முறை வேறு, உரு வேறு என்பதை மனத்தில் இருத்த வேண்டும். மூன்று நாடாக்களைக் கொண்டு சேலையின் உடலையும் இரு கரைகளையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்வது கோர்வை என்னும் முறை. அக்கரையிலே ஒருவர் தம் கற்பனையால் புதிதாக அமைத்த கொடியும் பூவும் உரு. உருவுக்கு உரிமையாளர் உண்டு. முறைக்கு அவ்வாறு இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் வரைந்த படத்தையும் எழுதிய எழுத்தையும் காக்கிறதேயன்றி, அவற்றின் பின்னே நிற்கும் கருத்தைக் காப்பதில்லை. ஒரு நாடகத்தின் கருவைத் திரைப்படமாக எடுத்துவிட்டார்கள் என்று ஆர். ஜி. ஆனந்த் என்பவர் தொடுத்த வழக்கில், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லையென்று நமது உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டமோ, பொருளை உண்டாக்கும் வழிமுறை ‘டிசைன்’ ஆகாது என்று வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. பரம்பரையாக வழங்கிவரும் அறிவைப் புதுக்கண்டுபிடிப்பு என்று சொல்லி எவரும் காப்புரிமை பெறவும் நமது காப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே, முதல் அங்கத்தினரின் மகள் பாடத்திலே கண்ட தூரிகைப் பிடிப்பையும், வண்ணம் கலக்கும் அளவையும், மெழுகு இடும் விதத்தையும் தாராளமாகக் கையாளலாம். அச்சேலையை விற்கவும் செய்யலாம். ஆனால் ஆசிரியர் பாடத்திலே வரைந்து காட்டிய மயிலையே கோட்டுக்குக் கோடு படியெடுத்துச் சேலையில் இட்டு விற்பாளாயின், அது முறையைக் கற்றதாகாது, உருவை எடுத்ததாகும். பழகுவதற்காக வீட்டில் பார்த்து வரைவதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. விலை வைத்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறமொழிப் பாடத்தைத் தமிழாக்கித் தம் குரலில் சொல்லிவிட்டால் அது தம்முடையதாகிவிடும் என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்கே உரியது. பாடத்தின் சொற்களையும் படங்களையும் விட்டுவிட்டு, முறையை மட்டும் தாமே செய்து பார்த்துத் தம் சொற்களில் விளக்குவதே நேர்வழி. சில ஆசிரியர்கள் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் பொது அனுமதியோடு பாடங்களை வெளியிடுகின்றனர். அப்பாடங்களை அப்படியே எடுத்தாளவும் இடமுண்டு. ஆயினும் அவர் பெயரைக் கூற வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் கூற வேண்டும். வாணிபத்துக்கு ஆகாது என்ற நிபந்தனை சேர்ந்த அனுமதிகளும் உண்டாதலால், எந்த அனுமதி என்று பார்த்துக்கொண்டே சங்கத்தார் விற்பனையில் இறங்க வேண்டும்.

இனி, முறைக்கு உரிமையாளர் இல்லையென்றால் கற்பித்தவர் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்தான் என்ன? சட்டம் கேட்கவில்லை என்பது உண்மை. இங்கே அமெரிக்க ஓவியர் இருவரின் கதையைச் சற்று விரிவாகக் கூறுவது பயன்படும். பில் அலெக்ஸாண்டர் என்பவர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். முதற்பூச்சு உலருமுன் அதன்மேலேயே அடுத்த எண்ணெய் வண்ணத்தை இட்டு, அரைமணி நேரத்துக்குள் ஒரு மலைக்காட்சியை முடித்துவிடும் முறையை 1974 முதல் தொலைக்காட்சியில் கற்பித்தார். அவரிடம் அம்முறையைக் கற்றவர் பாப் ராஸ். முன்னாள் விமானப்படை வீரர். 1983-இல் ராஸ் தமது சொந்தப் பாடத்தைத் தொலைக்காட்சியில் தொடங்கினார். 1994 வரை நானூறுக்கு மேற்பட்ட பாடங்கள் வெளியாயின. குருவின் புகழைச் சீடரின் புகழ் மிஞ்சிவிட்டது. இன்றும் இணையத்தில் ஓவியம் பயிலுவோர் பலர் முதலில் காண்பது ராஸின் பாடங்களையே.

ராஸ் நன்றி மறந்தவர் என்று கூறிவிட முடியாது. தொடக்க காலத் தொடர் ஒன்றிலேயே தமக்குக் கற்பித்தவர் அலெக்ஸாண்டர் என்று சொல்லி அவருக்கு அதனை உரித்தாக்கினார். அவ்வாறிருந்தும், தாம் கண்டுபிடித்த முறையைக் கொண்டு சீடர் தம்மை வஞ்சித்துவிட்டதாக அலெக்ஸாண்டர் 1991-இல் ஒரு நாளிதழிடம் வருந்திக் கூறினார். யார் பக்கம் நியாயம்? ஈரத்தின்மேல் ஈரமாக வண்ணமிடுவதை ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கின்றனர். எனவே தாமே கண்டுபிடித்தவர் என்ற அலெக்ஸாண்டரின் வாதம் நிற்காது. ஆனால் அம்முறையைத் தூரிகையும் தொட்டறியாதவருக்கும் விளங்குமாறு படிப்படியாக அமைத்துக் கற்பித்த உழைப்பு அவருடையது. அவர் மனவருத்தத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. முதற்பாடத்தில் ஒருமுறை சொன்ன பெயர் நூறாவது பாடத்தை மட்டும் பார்ப்பவன் காதில் விழாது. இணையத்தில் ஒவ்வொரு பாடமும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. ஆதலின், பாடம் போடும் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள், இன்னாரிடம் கற்றது என்ற ஒரு வரியை ஒவ்வொரு பாடத்தின் கீழும் எழுதுவதே தகும். எல்லோர்க்கும் பொதுவான முறையாயின் ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும். முடிச்சிட்டுச் சாயமேற்றக் கற்பிப்பவர் மதுரைச் சுங்குடியைக் குறிப்பிடாமல் தம் சொந்த வித்தைபோல் காட்டிக்கொள்வதை நாம் சரியென்று ஒப்பமாட்டோம்.

பெயர் விடுபட்டால் நேரும் நஷ்டத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் இலர். சோழமண்டலக் கரையில் இருந்த கெர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், இங்குத் துணிக்கு வண்ணமிடும் முறை முழுவதையும் விவரித்து 1742-இல் தம் நாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தல், படிகாரம் இடுதல், சாயவேரில் சிவப்பேற்றுதல் என்று அக்காலத்து வண்ணக்காரரின் இரகசியம் யாவும் அதில் உண்டு. அது அச்சாகிப் பலர் கைக்கும் சென்றது. பாதிரியார் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த தொழிலாளர் யார் யாரென்று இன்று எவரும் அறியார். பின்னர் 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டிய 700 மாதிரிகளைப் 18 தொகுதிகளாகத் தொகுத்தார். அவ்வாறு செய்த 20 படிகளில் 13 பிரிட்டனில் வைக்கப்பட்டன. ஏழே நம் நாட்டுக்கு வந்தன. அந்நாட்டு ஆலைக்காரர் எதை நெய்தால் இங்கு விலைபோகும் என்று பார்த்துக்கொள்வதற்கு அது உதவிற்று. அதே பிரிட்டன் தன் நாட்டு அச்சுத்துணி டிசைன்களைப் பிறர் திருடாதபடி 1787-இலேயே இரண்டு மாத காலப் பாதுகாப்புக் கொடுத்து, 1794-இல் அதனை மூன்று மாதமாக உயர்த்தியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதனால் முறைகளையெல்லாம் பூட்டிவைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நாமும் பிறரிடம் பெற்றவர்களே. கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் அமைப்பு 1733-இல் ஜான் கே என்னும் ஆங்கிலேயர் செய்தது. அவரை நம் தறிமேடையில் யாரும் நினைப்பதில்லை. ஆனால் பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவரின் பெயரையோ நாள்தோறும் சொல்லுகிறோம், அது ஒரு மனிதரின் பெயர் என்று அறியாமலே! பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இத்தகைய கடன் ஒன்று உண்டு. ஒற்றை நாற்றைச் சதுர இடைவெளியில் நடும் செம்மை நெல் சாகுபடி, மடகாஸ்கர் தீவில் லொலானியே என்ற பாதிரியார் 1980-களில் உழவரோடு கூடி வகுத்த முறை. அதனைக் கையாள எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. விதையிலும் இவ்வேறுபாடே காணப்படுகிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, உழவர் தம் விளைச்சலில் எடுத்த விதையை விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்; பதிவுபெற்ற இரகத்தை அதன் வாணிபப் பெயரிட்ட பையில் அடைத்து விற்கத்தான் கூடாது.

இப்போது இரண்டாவது அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். இங்கேதான் நம் சங்கங்கள் மிகுதியாக ஏமாறுகின்றன. புது உரு ஒன்று தறியிலிருந்து இறங்கியவுடன் அதைப் படம்பிடித்து இணையத்தில் போடும் வழக்கம் பரவிவிட்டது. டிசைன் சட்டப்படி பதிவு பெற வேண்டுமாயின், விண்ணப்பம் செய்யும் நாளுக்கு முன்னர் அவ்வுரு உலகில் எங்கும் வெளியாகியிருத்தல் கூடாது. நாமே வெளியிட்டாலும் வெளியிட்டதுதான். பெருமைக்காகப் போட்ட ஒரு படம், உரிமையை அன்றே அழித்துவிடுகிறது. ஆகவே கட்டத்தாளில் உரு முடிந்ததும், அட்டை வெட்டக் கொடுக்குமுன்பே விண்ணப்பித்துவிடுதல் நலம். டிசைன் பதிவு அலுவலகம் கொல்கத்தாவில் இருப்பினும், விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலும் இணைய வாயிலாகவும் கொடுக்கலாம். பதிவின் காலம் 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம். பதிவான உருவை ஒருவர் திருடினால், ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரையிலும், ஒரே உருவுக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரையிலும் பெற வழியுண்டு. அல்லது நஷ்டஈடும் தடையுத்தரவும் கோரி வழக்கிடலாம்.

பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை காக்குமே என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பதிவு செய்யத்தக்க உருவைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்களில் இட்டுவிட்டால் அப்பதிப்புரிமை அற்றுப்போகும். கைத்தறியும் இதில் அடங்கும் என்று கொண்டு நடப்பதே பாதுகாப்பு. ஐம்பத்தோராவது சேலையோடு கேட்கும் வாய் அடைபட்டது என்றே கொள்ளுங்கள். அன்னம், மாங்காய், ருத்திராட்சம், கோபுரம் போன்ற பழைய உருக்களை எவரும் தமக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாது. புதிய அமைப்புக்கே பதிவு கிடைக்கும்.

உரிமை அற்றுப்போன நிலையிலும் இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட இரகத்தை விசைத்தறியில் நெய்தால், உருவைப் பற்றிய வழக்கில்லாமலே அமலாக்க அதிகாரியிடம் புகார் செய்யலாம். புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் பொய்யாக இட்டு விற்றால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. கோர்வை நெசவை எவ்வூரார் கற்று நெய்தாலும் தடுக்க முடியாது. வேறெங்கோ நெய்ததைக் காஞ்சிபுரம் பட்டு என்று விற்பதைத் தடுக்கலாம்.

கடைசியாக, சங்கத்துக்குள்ளேயே எழக்கூடிய ஒரு தகராறு. கூலியோ வேறு பிரதிபலனோ பெற்றுக்கொண்டு ஒருவர் பிறருக்காக உரு அமைத்தால், அமைக்கச் செய்தவரே அதன் உரிமையாளர் என்பது டிசைன் சட்டம். சங்கம் கூலி கொடுத்து வரையச் செய்தது சங்கத்தின் சொத்து. அங்கத்தினர் தம் வீட்டில் தம் செலவில் அமைத்தது அவருடைய சொத்து. பல சங்கங்களில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன. ஒரு கட்டுப் புத்தகத்தை இதற்கென ஒதுக்கி, உரு அமைத்தவர் பெயர், நாள், எவர் செலவில், எம்முறையை எவரிடம் கற்று அமைத்தது, பதிவு விண்ணப்ப எண், முதல் விற்பனை நாள் ஆகியவற்றை எழுதி, துணித்துண்டு ஒன்றையும் ஒட்டி, அமைத்தவரும் காரியதரிசியும் கையொப்பமிட வேண்டும். சங்கத்தின் பெயரில் பதிவாகும் உருவுக்கும் அமைத்தவர் பெயரைச் சேலைச் சீட்டில் அச்சிடுவது என்று நிர்வாகக் கமிட்டி தீர்மானம் நிறைவேற்றலாம்; இதற்குத் துணைவிதித் திருத்தம் தேவையில்லை. அடுத்த தணிக்கையின்போது இப்புத்தகத்தையும் பார்வைக்கு வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.