மலை இறக்கமும் லாரியின் பிரேக்கும்

மிளகும் அன்னாசியும் ஏற்றிக் கொல்லிமலையிலிருந்து இறங்கும் வண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். 16 டன் எடையுள்ள லாரியொன்று 1000 மீட்டர் இறங்குகையில் எழும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 500 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! இவ்வெப்பத்தைப் பிரேக்குகளே தாங்க நேரின், லைனிங் விரைவில் தேய்வதோடு பிடிப்பும் குன்றும்.

ஆகவே, இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறுதல் வேண்டும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனமாகும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் உள்ள 'குரூயிஸ் கண்ட்ரோல்', மிதியை அழுத்தாமலே வேகத்தை நிலைநிறுத்துவது. சமவெளி நெடுஞ்சாலைக்கு ஏற்றது. இறக்கத்திலோ, இச்சாதனங்களுள் சில தாமே பிரேக்கை இயக்குகின்றன. ஓட்டுநர் அறியாமலே லைனிங் தேய்கிறது. மலைப்பாதையில் இதனை நிறுத்திவைத்தலே நலம்.

அடிவாரம் சேர்ந்ததும் சூடேறிய டிரம்மின்மீது தண்ணீர் ஊற்றுவோரும் உளர். திடீர்க் குளிர்ச்சியால் டிரம் விரிசல் விடக்கூடும், தானே ஆறவிடுக.