நின்ற வண்டியில் பாட்டரி இறங்குவதேன்?

கோடை மழையொன்று பெய்து நிலம் நன்றாய் நனைந்த மறுநாளே உழவைத் தொடங்காத குடியானவர் நஷ்டமடைவார் என்பதை எவரும் அறிவர். சித்திரைப் புழுதியைப் பத்தரை மாற்றுத் தங்கமென்று முன்னோர் மதித்தது இதுபற்றியே. மாசி, பங்குனி மாதங்களில் கொட்டகையில் நின்ற டிராக்டரை அன்று கிளப்பச் சாவியைத் திருப்பினால், ‘டிக்’கென்ற ஓசை மட்டும் கேட்டு இயந்திரம் அசையாதிருப்பதுண்டு. நெல்லும் கரும்பும் ஏற்றும் லாரிகளும், ஊராட்சிகளின் குடிநீர் வண்டிகளும் நாட்கணக்கில் நின்றபின் இவ்வாறே தொல்லை கொடுக்கின்றன. உடனே ஆளனுப்பிப் புதுப் பாட்டரி வாங்கிப் பூட்டுவோர் பலர். சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடுகின்றது. பல ஆயிரம் ரூபாய் செலவாகி, நிலத்தின் ஈரமும் ஆறிப்போன பின்னரே, குற்றம் பாட்டரியினுடையதன்று என்பது விளங்குகின்றது. ஆதலின் பாட்டரியை மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டறியும் முறைகளை ஈண்டுக் கூறுவோம்.

பாட்டரியின் தன்மை

வண்டிகளிலுள்ள ஈயப் பாட்டரி 1859ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாந்தே என்பவரால் முதன்முதல் செய்யப்பட்டது. ஈயத் தகடுகளும், நீர் கலந்த கந்தகத் திராவகமுமே இதன் உறுப்புக்கள். டிராக்டருக்குரிய 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் அளிக்கும். பெரிய லாரிகளில் இத்தகைய பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகின்றனர்.

பாட்டரியில் எவ்வளவு சார்ஜ் உள்ளதென்பதை வோல்ட் மீட்டரைக் கொண்டு அறியலாம். வண்டியை நிறுத்தி ஓரிரவு கழிந்தபின் அளத்தல் வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேலிருப்பின் முழுச் சார்ஜ், 12.4 ஆயின் முக்கால், 12.2 ஆயின் அரை; 12.0 ஆயின் கால் என்று கொள்ளலாம். குறைந்த சார்ஜில் நெடுநாள் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் வெண்ணிற உப்புப் பூத்து இறுகிவிடும். பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினும் பழைய வலிமை முற்றும் திரும்பாது. எனவே ஒருமுறை முழுதும் இறங்கவிடுவதே பாட்டரியின் ஆயுளைக் குறைப்பதாகும்.

முதற் சோதனை

நின்ற வண்டியில் பாட்டரி இறங்குவதற்குக் காரணங்கள் மூன்றே. பாட்டரி தன்னுள் தானே சார்ஜை இழத்தல் ஒன்று. வண்டியிலுள்ள ஏதேனும் ஒரு கருவி ஓயாமல் மின்சாரத்தை உண்ணுதல் மற்றொன்று. ஓடும்போது போதிய சார்ஜ் ஏறாமை மூன்றாவது. இவற்றைப் பிரித்தறியப் பின்வரும் எளிய சோதனை போதும்.

பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கவேண்டும். மறுநாட் காலையிலும், மூன்று நாள் கழித்தும் வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு கம்பியைப் பூட்டி, எதையும் இயக்காமல் மூன்று நாள் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். கம்பி கழன்றிருந்தபோதே 12.4க்குக் கீழ் இறங்கியிருப்பின் குற்றம் பாட்டரியினுடையது. கழன்றிருந்தபோது நின்று, பூட்டியபின் இறங்கினால் குற்றம் வண்டியில் உள்ளது. இரண்டு வேளையிலும் இறங்காதிருந்தால், சார்ஜ் ஏறும் வழியைப் பார்க்கவேண்டும். லாரியில் இரண்டு பாட்டரிகளையும் தனித்தனியே அளப்பது அவசியம். நுண்கருவிகள் மிகுந்த புதிய வண்டிகளில் கம்பியைக் கழற்றுமுன் வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

வண்டி உண்ணும் மின்சாரம்

சிறு விளக்கொன்று என்ன செய்துவிடும் என்று அலட்சியம் செய்யலாகாது. டிராக்டரின் பாட்டரி 88 ஆம்பியர்-மணி அளவுள்ளதென்று கொள்வோம். 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.42 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி ஆகும். நான்கைந்து நாளில் பாதிச் சார்ஜும், ஒன்பது நாளில் முழுதும் தீரும். வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி போன்றவற்றால் 0.05 ஆம்பியர் மட்டுமே போயினும், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி வீதம் முப்பத்தேழு நாளில் பாதி தீர்ந்துவிடும். இத்தகைய மெதுவான இழப்பு மூன்று நாட் சோதனையில் தெளிவாய்த் தோன்றாமலும் இருக்கலாம். அதற்கு மீட்டரே துணை.

சோதிக்கும் முறை வருமாறு: சாவியை எடுத்து, விளக்குகளை அணைத்து, கதவுகளை மூடி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றவேண்டும். கழற்றிய கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே 21 வாட் பிரேக் விளக்குப் பல்பு ஒன்றை இணைக்கவேண்டும். 24 வோல்ட் லாரிக்கு அதற்குரிய பல்பே தேவை. பல்பு எரிந்தால் இழப்பு மிகுதி என்பது வெளிப்படை. எரியாவிடில் அவ்விடத்தில் 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை இணைத்து, சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கவேண்டும். 0.05 ஆம்பியருக்கு மேல் நிலையாகக் காட்டினால் காரணம் தேடுதல் வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது வண்டியைக் கிளப்ப முயலலாகாது. முயன்றால் மீட்டர் கெடும்.

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்க்கவேண்டும். எந்தப் பியூஸை எடுத்தவுடன் அளவு தாழ்கின்றதோ, அந்த வழியிலேயே குற்றம் உள்ளது. அணையாத உள்விளக்கு, ஒட்டிக்கொண்ட பிரேக் விளக்குச் சுவிட்சு, திருவிழாவுக்கென்று கட்டிய சரவிளக்கின் எஞ்சிய கம்பி முதலியவை அடிக்கடி அகப்படுவன. எந்தப் பியூஸுக்கும் அளவு தாழாவிடில், பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியை எடுத்து மீண்டும் அளக்கவேண்டும். அப்போது தாழ்ந்தால் ஆல்டர்னேட்டரின் உள்ளிருக்கும் டையோடு பழுதாகியுள்ளது. லாரியில் பாட்டுப் பெட்டியை இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் இணைப்பது பெருந்தவறு. அவ்வொன்று மட்டும் தேய்ந்து, மற்றதையும் கெடுக்கும்.

பாட்டரியின் குற்றங்கள்

பாட்டரியின் மேல் தூசியும் திராவக ஈரமும் படிந்தால், அதன் வழியே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மின்சாரம் கசியும். ஆப்பச் சோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்தினால் இது நீங்கும். சோடா நீர் அறைகளுக்குள் புகாதபடி மூடிகள் இறுகியிருத்தல் வேண்டும். மூடியுள்ள பாட்டரியில் ஹைட்ராமீட்டரைக் கொண்டு ஒவ்வோர் அறையையும் சோதிக்கலாம். முழுச் சார்ஜுக்குப் பின்னும் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் தாழ்ந்து காட்டினால், அவ்வறை கெட்டதென்று அறிந்து பாட்டரியை மாற்றுவதே முறை. தகடுகள் வெளியே தெரியும்படி நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றலாம். கிணற்று நீரும் கூடாது, திராவகமும் கூடாது. நல்ல பாட்டரியுங்கூடச் சும்மா இருக்கையில் சிறிது இழக்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறுந்தோறும் அவ்விழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். கோடையில் தகரக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு இது முக்கியமானது.

சார்ஜ் ஏறாமை

இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும், லாரியில் 27.6 முதல் 28.8 வரையும் இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின் பெல்ட் தளர்ச்சி, முனைகளில் பூத்த பச்சை அல்லது வெண்மையான துரு, ஆல்டர்னேட்டரின் பழுது ஆகியவற்றை அம்முறையே பார்க்கவேண்டும். 12 வோல்ட் வண்டியில் 15க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கெட்டதென்பதும், பாட்டரியின் நீர் விரைவில் வற்றும் என்பதும் அறியத்தக்கன.

எச்சரிக்கை

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றி வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் பீடி, சுருட்டு, தீக்குச்சி எதுவும் ஆகாது. கம்பியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், பூட்டுகையில் அதனைக் கடைசியிலும் தொடவேண்டும். அவசரத்துக்கு லாரியின் 24 வோல்ட்டை டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியோடு சேர்த்துக் கிளப்புவது பேராபத்து. சரிவில் உருட்டிக் கிளப்புவது அன்றைய வேலையை முடிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. கெட்ட பாட்டரியின் திராவகத்தை வாய்க்காலில் கொட்டாமல், பாட்டரியை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஈயம் மண்ணுக்கும் மக்களுக்கும் நஞ்சு.

ஓய்வுக்காலத்தில் செய்யத்தக்கவை

அறுவடை முடிந்து வண்டியை நிறுத்தும் நாளிலேயே பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுவது உத்தமம். அடிக்கடி எடுக்கும் வண்டிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை வோல்ட்டை அளந்து, தேதியுடன் கொட்டகைச் சுவரில் எழுதிவர வேண்டும். 12.4க்குத் தாழ்ந்தவுடன், பாட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கான ஆம்பியரில், அதாவது 88 ஆம்பியர்-மணிக்கு 8 அல்லது 9 ஆம்பியரில், சார்ஜ் ஏற்றவேண்டும். வண்டியைச் சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிடுவது இதற்கு ஈடாகாது.

ஊராட்சி வண்டிகளைக் கவனிக்கும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்வாறே ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து வருவாராயின், புதுப் பாட்டரிக்குப் பணம் கேட்டு வரும் விண்ணப்பம் தக்கதா அன்றா என்பதை அதனைக் கொண்டே தீர்மானிக்கலாம். மீட்டர் ஒன்றின் விலை புதுப் பாட்டரியின் விலையில் ஒரு சிறு பங்கே. அதனை வாங்கி வைத்து மாதந்தோறும் அளந்துவரும் குடியானவரின் டிராக்டர், மழை பெய்த மறுநாட் காலையில் முதல் திருப்பிலேயே கிளம்பும்.