புல்லட் ரயில் எங்கே நிற்கும்?

பஸ் நிற்கும் ஊரைப் பாருங்கள். டீக்கடை இருக்கும். சைக்கிள் கடை இருக்கும். பூ விற்பவர் இருப்பார். நாலு பேருக்குப் பிழைப்பு உண்டு. பஸ் நிற்காமல் போகும் ஊரில்? புழுதிதான் மிச்சம்.

புல்லட் ரயிலும் இப்படித்தான்.

இந்த அதிவேக ரயில் முதலில் ஜப்பான் நாட்டில் ஓடியது. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 1964-இல் தொடங்கியது. 1997-இல் நாகனோ நகரத்துக்கும் வந்தது.

அந்தப் பக்கம் கொமோரோ என்று ஒரு பழைய ஊர் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ரயில் வந்த ஊர். டோக்கியோவிலிருந்து வரும் விரைவு ரயில்கள் அங்கே நிற்கும். ஆனால் புதிய பாதை கொமோரோ வழியாகப் போகவில்லை. பக்கத்தில் சாகுதாய்ரா என்ற இடத்தில், வயல்களுக்கு நடுவே, புது நிலையம் கட்டினார்கள்.

பிறகு என்ன நடந்தது? வயல்வெளியில் கடைகள் எழுந்தன. ஓட்டல்கள் வந்தன. கொமோரோவுக்கு விரைவு ரயில் வருவது நின்றுவிட்டது. உள்ளூர் ரயில் மட்டும் மிஞ்சியது. கடைத்தெரு களை இழந்தது.

ஒரே ரயில்தான். ஓர் ஊருக்கு வரவு. அடுத்த ஊருக்கு இழப்பு.

நம் நாட்டில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே புல்லட் ரயில் பாதை போடுகிறார்கள். 2017-இல் அடிக்கல் நாட்டினார்கள். இதற்கு ஜப்பான் கடன் கொடுக்கிறது. பாதையின் நீளம் 508 கிலோமீட்டர். நிலையங்கள் 12 மட்டுமே. அடிக்கடி நின்றால் வேகம் ஏது?

பாதை மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டம் வழியாகப் போகிறது. அங்கே பழங்குடி மக்கள் அதிகம். விரார், போய்சர் ஆகிய இரண்டு இடங்களில் நிலையம் உண்டு. மற்ற ஊர்களுக்கு என்ன கிடைக்கும்? நிலையத்துக்குப் போக பஸ் வேண்டும். இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும். இவை இருந்தால் வருமானம் கிராமத்துக்கும் வரும். இல்லாவிட்டால் நகரத்தோடு நின்றுவிடும்.

பழங்குடியினருக்கான அட்டவணைப் பகுதிகளில் நிலம் எடுக்கும் முன் கிராம சபையையோ பஞ்சாயத்தையோ கலந்து பேச வேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. பஸ்ஸையும் வேலையையும் கேட்க வேண்டும். எழுத்தில் வாங்க வேண்டும். வாங்கியதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கலந்து பேசுவோம்

1. கொமோரோ கடைத்தெரு ஏன் களை இழந்தது?
2. உங்கள் பக்கம் புதிய சாலை வந்தபோது யாருக்கு வருமானம் கூடியது? யாருக்குக் குறைந்தது?
3. உங்கள் ஊர் வழியாக ரயில் பாதை வந்தால் கிராம சபையில் என்ன கேட்பீர்கள்? மூன்று வரிகள் எழுதுங்கள்.