குயில் தேனீக்குத் தனிப் பேரினம் வேண்டாமா?

கேள்வி: மகரந்தம் சேர்க்காத, வேலைக்காரத் தேனீக்களே இல்லாத குயில் பம்பிள் தேனீயைச் சாதாரண பம்பிள் தேனீக்களோடு பாம்பஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருப்பது சரியா?

பதில்: சரிதான். ஐரோப்பாவில் வாழும் குயில் பம்பிள் தேனீயான பாம்பஸ் வெஸ்டாலிஸை எடுத்துக்கொள்வோம். இதன் பெண் தேனீ வசந்தத்தில் தாமதமாக விழித்து, பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற சாதாரண பம்பிள் தேனீயின் கூட்டைத் தேடி நுழைகிறது. அங்கு முதல் வேலைக்காரத் தேனீக்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும். தடித்த மேலோடும் வலிய கொடுக்கும் துணைநிற்க, ராணியைப் பெரும்பாலும் கொன்றுவிட்டு முட்டையிடுகிறது. குஞ்சுகளை வளர்ப்பது அந்த வேலைக்காரர்கள். (நம்மூர்க் குயில் தாய்க் காகத்தைக் கொல்வதில்லை, பெயர் கொஞ்சம் சாதுவாகவே அமைந்துவிட்டது.) பின்னங்காலைப் பாருங்கள்: மற்ற பம்பிள் தேனீக்களுக்கு அங்கே ஓரத்தில் நீள மயிர் சூழ்ந்த, பளபளப்பான தட்டையான மகரந்தக் கூடை இருக்கும். இதற்கோ அந்த இடம் புடைத்து, மயிரடர்ந்து கிடக்கும்.

இவ்வளவு வேறுபாடு போதாதா என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களும் அப்படி எண்ணித்தான் சிதைரஸ் என்று தனிப் பேரினம் வகுத்தார்கள். ஆனால் இவை பெரும்பாலும் இழப்புகள். ஓசியில் வாழ்பவருக்குக் கூடை எதற்கு? மரபணு ஒப்பீட்டில் குயில் தேனீக்கள் எல்லாம் ஒரே கிளையாக, பாம்பஸ் மரத்துக்குள்ளேயே முளைக்கின்றன. அந்தக் கிளையைப் பிரித்தால், எஞ்சும் பாம்பஸ் ஒரு மூதாதையின் முழு வாரிசுத் தொகுதியாக இருக்காது. இதேபோல், கால் இழந்த பாம்பும் பல்லிகளின் கிளைக்குள்தான் நிற்கிறது. அதனால் சிதைரஸை இன்று துணைப்பேரினமாக வைத்திருக்கிறார்கள். வேறுபாடும் பதிவாகிறது, உறவும் அறுபடவில்லை.